பாக்கெட்டில் எடையைச் சரியா எழுதுவோம்

மசாலாப் பொடி, ஊறுகாய் விற்கும் நம்ம குழுக்களின் பாக்கெட்டுகளைப் பார்த்தோம். சிலவற்றில் கிராமுக்கு 'ஜிஎம்எஸ்' என்று அச்சடித்திருந்தது. அது தவறு. கிராமுக்குக் குறியீடு ஆங்கிலச் சின்ன எழுத்து 'ஜி' மட்டும்தான். கிலோகிராமுக்கு 'கே', 'ஜி' இரண்டுமே சின்ன எழுத்து. பின்னால் 'எஸ்' வேண்டாம், புள்ளியும் வேண்டாம்.

2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, ஒரு கிலோவுக்குக் குறைந்த எடையைக் கிராமில் எழுதணும். அதாவது 0.5 கிலோ அல்ல, 500 கிராம். 'சுமார்' என்றும் போடக் கூடாது.

கவர் அடித்த பிறகு தப்பு தெரிஞ்சா, கடன் வாங்கிப் போட்ட பணம்தான் வீண். அதனால் அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்னே, குழுக் கூட்டத்தில் எல்லாரும் ஒருமுறை படிச்சுப் பாருங்க!