தெரு ஏறுது, வீடு இறங்குது!
ஜாக்கி வைத்துத் தூக்கும் வேளச்சேரி மக்கள்

சென்னை வேளச்சேரியில் பழைய தனி வீடுகள் பலவற்றுக்குள் போக இப்போது படி ஏற வேண்டியதில்லை. தெருவில் இருந்து இறங்க வேண்டும்!

வாயும் வயிற்றையும் கட்டிக் கட்டிய வீடுகள். அன்று தெருவை விட வாசல்தான் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, தெரு மேலே வந்துவிட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணி நேராகக் கூடத்துக்குத்தான்!

2015 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே படகு ஓடியது. 2023 டிசம்பர் 'மிக்ஜாம்' புயலிலும் தெருக்கள் மிதந்தன.

வித்துட்டுப் போக மனசு வராது. இருக்கவும் முடியாது. என்ன செய்வது?

சுவருக்கு அடியில் ஜாக்கிகளைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, வீட்டை அப்படியே தூக்குகிறார்கள். பிறகு இடைவெளியில் செங்கல் வைத்துக் கட்டுகிறார்கள். செலவு லட்சக்கணக்கில்!

பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புது சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார்.

உங்கள் தெருவுக்குத் தார் வண்டி வருகிறதா? சுரண்டும் எந்திரம் முன்னால் வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அப்போதே கேளுங்கள். தார் ஆறிய பிறகு கேட்டுப் பயனில்லை!