காடிலாக்கில் ஏறிப் படுத்தால் இடுப்பு வலி போகுமா?

சேத்துப்பட்டில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் அரைநாள் உட்கார்ந்தால் போதும், இடுப்பு கெஞ்ச ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து வந்த மகள், “பிலாட்டீஸ் வகுப்புக்கு வாம்மா. காடிலாக்ல பயிற்சி செஞ்சா நல்லாயிருக்கும்” என்றாள்.

“ஏண்டி, காருல படுத்தா வலி போயிடுமா?” என்று கேட்டுவிட்டேன்!

பெயர் அந்த அமெரிக்கச் சொகுசுக் காருடையதுதான். ஆனால் பொருளோ, நான்கு கம்பம் நட்டு ஸ்பிரிங்குகள் தொங்கவிட்ட கட்டில். இன்னொன்று ரிஃபார்மர். சீர்திருத்தவாதி யாருமல்ல, ஸ்பிரிங் இழுக்க முன்னும் பின்னும் ஓடும் பலகை. எங்கள் தறி நாடா நினைவுக்கு வந்தது.

1883-ல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் தம் முறைக்கு வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. நிலைத்ததென்னவோ அவர் பெயர்தான். பயிற்சிகளுக்கு அன்னம், ரம்பம், கடல்நாய் என்றெல்லாம் பெயர். சிரிக்காதீர்கள், நம் சலபாசனமும் வெட்டுக்கிளிதானே!

கடல்நாய் என்றால் முதுகை வளைத்து உருண்டு, பாதங்களைத் தட்டுவது. எலும்பு தேய்ந்த எனக்கு டாக்டர் அதைக் கூடவே கூடாதென்றார். பிரசவமான பெண்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

எனக்குக் கிடைத்தது ‘நூறு’. மல்லாந்து படுத்து, பக்கவாட்டில் நீட்டிய கைகளை மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சை இழுத்து, ஐந்துக்கு விட வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று. தலையையும் கால்களையும் தூக்கிச் செய்வது வழக்கம். நான் தலையைத் தரையிலேயே வைத்து, முழங்காலை மடக்கிக்கொள்கிறேன். ஐம்பது வரை வந்தாயிற்று. எண்ணுவது பேரன். பதினேழுக்குப் பிறகு இருபதுக்குத் தாவிவிடுகிறான்!