புவனகிரிக்கு வராத நட்சத்திர மீன்

புவனகிரியைத் தாண்டிக் கிழக்கே போகப் போக வெள்ளாற்றுத் தண்ணீரில் உப்பு ஏறும். பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் ஆறு கடலோடு கலக்கிறது. இறாலும் மடவையும் நண்டும் இந்த வழியாகத்தான் உள்ளே வந்து போகின்றன. நட்சத்திர மீன் மட்டும் வருவதில்லை. வெள்ளாற்றின் குறையல்ல இது. உலகின் எந்த ஆற்றிலும் ஏரியிலும் நட்சத்திர மீன் கிடையாது. நத்தை, நண்டு, புழு, ஏன், கடற்பஞ்சின் உறவுகள்கூட நன்னீரில் குடியேறிவிட்டன. நட்சத்திர மீன், நொறுங்கு நட்சத்திரம், கடல் முள்ளெலி, கடல் அட்டை, கடல் அல்லி என்று ஏறத்தாழ 7,000 இனங்கள் கொண்ட முட்தோலிகளில் ஒன்றுகூட நன்னீருக்கு வரவில்லை. 50 கோடி ஆண்டுகள் அவகாசம் இருந்தும்!

காரணம் நட்சத்திர மீனின் உடம்பில் ஓடும் தண்ணீர். முதுகில், நடுவிலிருந்து சற்றே தள்ளி, சிறிய சல்லடைத் தட்டு ஒன்று இருக்கிறது. அதன் உட்புறம் வட்டக் குழாய். அதிலிருந்து ஒவ்வொரு கைக்கும் ஒரு கிளை. கிளை நெடுகக் குழாய்க்கால்கள். ஒவ்வொரு காலின் தலைமாட்டிலும் ஒரு சிறு பை. மை ஃபில்லரின் ரப்பர் குமிழை அமுக்குவதுபோல் அந்தப் பை சுருங்கினால் கால் நீளும். இந்த நீர், உப்பளவில் ஏறக்குறைய கடல்நீரேதான். உப்பைச் சீர்படுத்தச் சிறுநீரகம் போன்ற உறுப்பு எதுவும் இல்லை. ஆற்றுநீரில் போட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து செல்கள் வீங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் உப்பு சரியும்போது முகத்துவாரம்கூட இதற்கு ஆகாத இடம்தான்.

கடலோரத்தில் முடசலோடை, அன்னங்கோயில் பக்கம் விசைப்படகு வலையில் வரும் கழிசலைக் கிளறினால் முட்தோலிகள் அகப்படும். இந்தக் கூட்டத்தில் பெரிய விலை போவது கடல் அட்டை. அதையும் 2001 முதல் பிடிக்கக் கூடாது.

சிப்பியைக் கால்களால் பற்றி இழுத்து, இரைப்பையை வெளியே தள்ளி ஓட்டுக்குள்ளேயே செரிக்கும் நட்சத்திர மீனைப் பாடப்புத்தகங்கள் காட்டும். நம் கடலின் மணல் தரையில் வாழும் அஸ்ட்ரோபெக்டென் என்ற நட்சத்திர மீனுக்கு அந்த வித்தை வராது. அதன் கால்நுனியில் உறிஞ்சி கிடையாது. அந்தக் கால்கள் கூராக, மணலைத் தோண்டுவதற்கென்றே அமைந்தவை. இரையை முழுசாக விழுங்கும். மலவாயும் இல்லாததால், சதை செரித்ததும் காலி ஓட்டை வாய்வழியே துப்பிவிடும். எனக்கு இதுவே அதிகம் பிடிக்கிறது.

நட்சத்திர மீனுக்குக் குஞ்சுப் பருவத்தில் நட்சத்திர வடிவமே கிடையாது. நம்மைப்போல் இடம், வலம் உள்ள மிதவை உயிர் அது. பரிணாம வழியில் இறாலைவிட நட்சத்திர மீன்தான் நமக்கு நெருங்கிய சொந்தம். 1882இல் இத்தாலியின் மெசினாவில் விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ் ரோஜா முள்ளை இந்தக் குஞ்சின் உடம்பில் குத்திவைத்தார். நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்துகொண்டன. அந்நியப் பொருளை விழுங்கும் காவல் செல்களைப் பற்றிய அறிவு அங்கேதான் தொடங்கியது. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வளர்ந்த நட்சத்திர மீனுக்குத் தலை எது என்பது நெடுநாள் புதிர். 2023இல் ஆய்வாளர் லாரன் ஃபார்மரி குழுவினர் மரபணுக்கள் எங்கெங்கே வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். மேல்தோலில் பெரும்பாலும் தலைக்குரியவையே இயங்கின. நடுவுடலுக்கானவை அநேகமாகக் காணோம். கைகள் என்று நாம் எண்ணியிருந்தவையும் தலையின் பகுதிகளே. இத்தனை தலை இருந்தும் மூளை என்று தனியாக ஒன்று கிடையாது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம்தான்.