இடப்பெயர்வும் மொழிபெயர்ப்பும்: சித்தூர், திருப்பதி எல்லை உணர்த்துவது

உள்நாட்டு இடப்பெயர்வைப் பொருளாதாரத் துறையினரும் இலக்கிய மொழிபெயர்ப்பை மொழித் துறையினரும் தனித்தனியே ஆராய்வது கல்வியுலகின் வழக்கம். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த இரு நூல்கள் இவ்வழக்கத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன. ஒன்று, சின்மய் தும்பே எழுதிய ‘இந்தியா மூவிங்’. இது இந்திய மக்கள் இடம்பெயர்ந்த வரலாற்றைக் கூறுகிறது. மற்றொன்று, ரீட்டா கோத்தாரி தொகுத்த ‘எ மல்டிலிங்குவல் நேஷன்’. பன்மொழி நாட்டில் மொழிபெயர்ப்பு என்பது நூல்களோடு நில்லாமல் அன்றாட வாழ்விலும் நிகழ்வது என்பதை இது விளக்குகிறது. இவ்விரு நூல்களையும் இணைத்துப் பயில ஏற்ற களமாகச் சித்தூர், திருப்பதிப் பகுதி விளங்குகிறது.

நகர்ந்தது எல்லை

வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1ஆம் நாள் அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் உருவானபோது அது அம்மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லைச் சீரமைப்பின் விளைவாக 1960 ஏப்ரல் 1இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இம்மாற்றங்களால், வீட்டை விட்டு நகராத குடும்பங்கள் பலவும் வேறு நிர்வாகத்தின் கீழ் வந்தன. மக்கள் எல்லையைக் கடக்கவில்லை. எல்லையே மக்களைக் கடந்து சென்றது.

எண்கள் காட்டுவதும் காட்டாததும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் சுமார் 45 கோடிப் பேர். அதாவது மக்கள்தொகையில் ஏறத்தாழ 37 விழுக்காடு. இவர்களுள் மாநிலம் விட்டு மாநிலம் சென்றோர் சுமார் 12 விழுக்காட்டினரே. பெண்கள் இடம்பெயர்வதற்கு முதன்மைக் காரணம் திருமணமாகும்.

சித்தூரிலிருந்து வேலூருக்கு மணமாகிச் செல்லும் பெண், கணக்கின்படி மாநிலம் கடந்தவர். ஆனால் பிறந்த ஊரில் கேட்ட அதே இரு மொழிகளை அவர் புகுந்த ஊரிலும் கேட்கக்கூடும். ஸ்ரீகாகுளத்திலிருந்து திருப்பதிக்குப் பணி நாடி வருபவர் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்தும் மாநிலத்துக்குள் இடம்பெயர்ந்தவராகவே கருதப்படுகிறார். ஆயினும் அவர் கேட்கும் வட்டாரத் தெலுங்கு அவருக்குப் புதியது. தொலைவு, மாநில எல்லை, மொழி எல்லை ஆகிய மூன்றும் ஒன்றல்ல என்பது இதனால் புலனாகும்.

இலக்கியம் தரும் சான்று

இவ்வேறுபாட்டைப் பதிவு செய்வதில் இலக்கியம் வல்லது. தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து கரிசல் நிலத்தில் குடியேறியோரின் கதையைக் கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ என்னும் புதினத்தில் கூறினார். அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. தெலுங்கில் நாமினி சுப்பிரமணியம் நாயுடுவின் ‘மிட்டூரோடி கதலு’, சித்தூர் வட்டார வழக்கை ஏட்டில் ஏற்றியது.

இத்தகைய படைப்புகளை மொழிபெயர்ப்பதில் ஓர் இடர் உண்டு. தமிழ்நாட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பலவற்றில் தந்தையை ‘நைனா’ என அழைப்பர். தமிழ்ப் பனுவலில் அச்சொல், அக்குடும்பத்தின் முன்னோர் வடக்கிலிருந்து வந்தவர் என்பதை உணர்த்தும். அதே பனுவல் தெலுங்கில் பெயர்க்கப்படும்போது, தந்தையைக் குறிக்கும் பொதுச் சொல்லாகிவிடும். வந்த வழியின் சுவடு மறையும். தமிழ் கலந்த தெலுங்குக் கதையைத் தமிழில் தரும்போதும் இதுவே நேரும். பொருள் பிழையின்றி வந்தபோதிலும் வரலாறு விடுபடுகிறது.

செய்யத்தக்கவை

மொழிபெயர்ப்பாளர் இத்தகைய சொற்களை இனங்கண்டு, எழுத்து வேறுபாட்டினாலோ, முன்னுரையாலோ, சொல்லடைவாலோ அவற்றின் தனித்தன்மையைக் காத்தல் வேண்டும். 1954இல் தொடங்கப்பெற்ற திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்துக்கும், 1997இல் குப்பத்தில் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகத்துக்கும் அருகிலேயே இதற்கான மொழிக்களம் அமைந்துள்ளது. எல்லை ஊர்களின் பேச்சு வழக்கைத் தொகுக்கும் பணி, இரு துறை மாணவரும் சேர்ந்து ஆற்றத்தக்கதாகும்.

அலுவலர்க்கும் இதில் பங்குண்டு. குறைகளைக் களையக் கோரும் விண்ணப்பத்தை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்க, அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு உரிமை வழங்குகிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்துதர முயலுமாறு 350அ பிரிவு பணிக்கிறது. பிறந்த இடத்தை மட்டும் கருதும் அலுவலர், இவ்வுரிமைக்குரிய குழந்தையைக் காணத் தவறக்கூடும். இடப்பெயர்வு, தாய்மொழி ஆகிய இரு விவரங்களையும் இணைத்து நோக்கினால்தான், எந்த ஊருக்கு எம்மொழி ஆசிரியர் தேவை என்பது தெளிவாகும்.

மக்களின் பெயர்ச்சியைக் கணக்கிடுவோரும், சொற்களைப் பெயர்ப்போரும் ஒருவர் பணியை மற்றவர் அறிதல் இருசாரார்க்கும் பயன் தரும். அதனால் முதற்பயன் பெறுவோர் எல்லைப்புற மக்களே ஆவர்.