கலப்பின மேய்ப்பு நாயைத் தத்தெடுத்தல்

கலப்பின மேய்ப்பு நாய் என்பது, ஆடு மாடுகளை மேய்ப்பதற்காக வளர்த்தெடுக்கப்பட்ட ஓர் இனமும் வேறோர் இனமும் கலந்து பிறந்த நாய் ஆகும். பார்டர் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, ஆஸ்திரேலியக் கால்நடை நாய், கெல்பி ஆகியவற்றின் கலப்புகள் பிரித்தானியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் விலங்குக் காப்பகங்களில் தத்தெடுப்புக்குக் கிடைக்கின்றன. இவற்றின் இயல்பை அறியாமல் தத்தெடுப்போர், சில மாதங்களில் நாயைத் திருப்பி ஒப்படைக்க நேரிடுவதுண்டு.

பின்னணி

பார்டர் கோலி, இங்கிலாந்து - ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் உருவான இனம். 1893இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த 'ஓல்டு ஹெம்ப்' என்ற நாய் இதன் மூதாதையாகக் கருதப்படுகிறது. 1906இல் பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கம் தொடங்கப்பட்டது. இந்நாய்களைத் தேர்ந்தெடுப்பதில் தோற்றத்தைவிட வேலைத்திறனே முதன்மையாக இருந்தது.

இயல்பு

மேய்ப்புத் திறன் என்பது வேட்டை இயல்பின் மாறிய வடிவமாகும். ஓநாய் இரையை உற்றுநோக்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். பார்டர் கோலியில் முதல் மூன்று படிகள் வலுப்பெற்று, கடைசி இரண்டும் பெரிதும் அடங்கிவிட்டன. ஆஸ்திரேலியக் கால்நடை நாய், மாட்டின் குதிகாலைக் கடித்து அதை நகர்த்தும்.

மந்தை இல்லாத வீட்டில் இவ்வியல்பு மறைந்துவிடாது. ஓடும் குழந்தையும் மிதிவண்டியும் மந்தையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குட்டி பிள்ளைகளின் காலைக் கவ்வுவது பெரும்பாலும் கோபத்தால் அன்று. கலப்பினத்தில் எந்த இயல்பு மேலோங்கும் என்பதைத் தோற்றத்தைக் கொண்டு உறுதியாகக் கூற இயலாது. காப்பகப் பதிவில் உள்ள இனப் பெயரும் பல வேளைகளில் ஊகமே.

தத்தெடுக்கும் முன்

பார்வோ, டிஸ்டெம்பர், வெறிநாய்க்கடி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள், குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகிய விவரங்களைக் கேட்டறிதல் வேண்டும். குட்டிகளுக்கான தடுப்பூசித் தொடர் ஏறத்தாழ 16 வாரம் வரை நீளும். 'மெர்ல்' எனப்படும் திட்டு நிறம் தாய், தந்தை இரண்டிற்கும் இருந்தால், அந்நிறத்தின் மரபணுவை இருவரிடமிருந்தும் பெறும் குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மையோ பார்வைக் குறையோ ஏற்படலாம். எனவே வெண்மை மிகுந்த குட்டியின் கேட்கும் திறனைச் சோதிப்பது நல்லது.

மருந்து உணர்திறன்

கோலி வழி வந்த நாய்கள் சிலவற்றில் எம்டிஆர்1 என்னும் மரபணு பழுதுற்றிருக்கும். இம்மரபணு உருவாக்கும் புரதம், மூளைக்குள் நுழையும் சில மருந்துகளை வெளியேற்றும் காவலன் போன்றது. அது செயல்படாதபோது, ஐவர்மெக்டின் மருந்தின் உயர் அளவும், வயிற்றுப்போக்குக்கான லோப்பரமைடும் நஞ்சாகும். தள்ளாட்டம், எச்சில் வடிதல், நடுக்கம், பார்வையிழப்பு, மயக்கம் ஆகியன அறிகுறிகள், உயிரிழப்பும் நேரலாம்.

கலப்பினத்திலும் இப்பழுது தொடர்வதால், சொறிக்கு மருந்து தரும் முன்பே நாயின் மரபு பற்றி கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கன்னத்தின் உட்பக்கத்தைத் துடைத்தெடுத்த மாதிரியைக் கொண்டு இப்பழுதைக் கண்டறியலாம். குதிரைகளுக்கும் ஆடுகளுக்கும் தரப்படும் குடற்புழு மருந்தின் மிச்சத்தையும் நாய்க்கு எட்டாதவாறு வைக்க வேண்டும்.

சட்டம்

இங்கிலாந்திலும் வேல்சிலும், வேளாண் நிலத்தில் கால்நடைகளைத் துரத்த நாயை விடுவது 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். மந்தையைக் காக்க வேறு வழியில்லாத நிலையில் நாயைச் சுட்டுக்கொல்லும் உழவருக்கு, 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. மேய்க்கப் பிறந்த நாயாயினும், பழக்கப்படாதது மந்தைக்கு ஆபத்தே.

பழக்குதல்

• முதல் சில வாரங்கள் அமைதியான இடமும் மாறாத நேர ஒழுங்கும் தேவை.
• வெளியில் நீண்ட வாரில் பிடித்தபடியே, அழைத்ததும் திரும்பி வரப் பழக்க வேண்டும்.
• துரத்தத் தொடங்கும் முன், உற்றுநோக்கும் கட்டத்திலேயே கவனத்தைத் திருப்பித் தீனி தர வேண்டும்.
• ஓட்டம் மட்டும் போதாது. மோப்பத்தால் பொருள் தேடுதல் போன்ற மூளைக்கு வேலை தரும் விளையாட்டுகளும் தேவை.
• ஓய்வெடுக்கவும் கற்றுத்தர வேண்டும். இடைவிடாத பந்து வீச்சு சில நாய்களின் பரபரப்பைக் கூட்டும்.
• சிறு குழந்தைகளுடன் நாயைத் தனியே விடக் கூடாது.