கரண்டி பிடித்தவரின் கடமை

கடற்கரை என்று சொல்லிக்கொள்ள ஓர் அங்குல நிலமும் இல்லாத மாவட்டங்கள் பெரம்பலூரும் அரியலூரும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பிரதேசத்தின் பெரும்பகுதி கடலுக்கடியில் கிடந்தது என்பதற்குச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரமும், வாரணவாசி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் கடல்வாழ் உயிர்களின் படிவங்களும், சிமெண்டு ஆலைகள் நாள்தோறும் தோண்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லும் சாட்சி சொல்கின்றன. 1025-ஆம் ஆண்டில் கடாரம் வரை கப்பற்படை அனுப்பிய ராஜேந்திர சோழனுடைய தலைநகரான கங்கைகொண்ட சோழபுரமும் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவித்துப் பிழைக்கும் இவ்வூர் ஜனங்களுக்குக் கப்பலில் உல்லாசப் பிரயாணம் போவது என்பது சமீப காலம் வரை சினிமாவில் பார்த்து ரசிக்கும் விஷயமாகவே இருந்தது.

நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ என்னும் சொகுசுக் கப்பலை 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் சென்னையிலிருந்து புறப்பட்டது. சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் தாய் தந்தையரை அங்குள்ள மெரினா பே முனையத்துக்கு அழைத்துப் போய் இரண்டு மூன்று நாள் கடற்பிரயாணத்துக்கு ஏற்றிவிடுவதும் உண்டு. அப்படிப் போகிற புதியவர்களைக் கடல் அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. அவர்கள் திகைத்து நிற்கும் இடம் சாப்பாட்டுக் கூடம்தான்.

1990-ஆம் ஆண்டு பிரான்சில் கட்டி முடிக்கப்பட்ட எம்பிரஸில் பதினோரு தளங்களும் சுமார் 800 அறைகளும் இருக்கின்றன. பசி என்பது எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வேளையில் வரும் சுபாவமுடையதாகையால், ஒரு மணி அடித்ததும் சாப்பிடக் கிளம்புகிறவர் தொகை ஆயிரத்தையும் தாண்டிவிடக்கூடும். இத்தகைய கப்பல்களில் பொதுவாக இரண்டு விதமான போஜன ஏற்பாடு செய்திருப்பார்கள். ஒன்று, குறித்த நேரத்தில் மேஜையில் அமர்த்திப் பரிமாறும் கூடம். மற்றொன்று, பதார்த்தங்களை வரிசையாக வைத்து, வேண்டியதை வேண்டிய மட்டும் நாமே எடுத்துக்கொள்ளும்படி விட்டிருக்கும் பஃபே கூடம். இரண்டுக்கும் உரிய பணம் பெரும்பாலும் பிரயாணக் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. இதை அறியாத புதியவர்கள், கப்பலேறிய முதல் நாள் மதியம், அறைகள் இன்னும் ஆயத்தமாகாத நிலையில், கைப்பையும் குழந்தையுமாக நேரே பஃபேக்குப் போய் நெரிசலில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அதே நேரத்தில் பரிமாறும் கூடமும் திறந்திருக்கிறதா என்று ஒரு சிப்பந்தியைக் கேட்டிருந்தால், காலாற உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். பந்திக்கு முந்தச் சொல்லும் பழமொழி எல்லோருக்கும் மனப்பாடம். அதைச் சொன்னவர் இந்தக் கப்பலில் ஏறியதில்லை. கூட்டம் ஓய்ந்து அரைமணி கழித்துப் போகிறவருக்கும் அங்கே அதே சாப்பாடு கிடைக்கும்.

நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு வேலை ஒன்றே ஒன்று, அது சாப்பிடுவது. இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எது முன்னால் வர வேண்டும், எது பின்னால் வர வேண்டும், மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்குக் கூட்டு போய்ச் சேர்ந்ததா, பாயசம் கடைசி இலை வரைக்கும் காணுமா என்கிற கவலைகளையெல்லாம் பரிமாறுகிறவர் சுமக்கிறார். “மாமா, இன்னுங் கொஞ்சம் சாதம் வைக்கட்டுங்களா?” என்று கேட்பவரும் அவரே; அண்டாவில் குறைவதைக் கண்டு, அடுத்த வரிசைக்குக் கரண்டியின் அளவைச் சற்றே சுருக்கிக்கொள்பவரும் அவரே. பஃபேயில் அந்த மனிதரைக் காணோமே என்று நாம் எண்ணுகிறோம். அவருடைய கரண்டி நம் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கரண்டியோடு அவருடைய கவலைகளும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. கப்பல் பஃபேயின் ஆசாரங்கள் என்று மேல்நாட்டார் எழுதிவைத்திருப்பவை அனைத்தையும் ஆராய்ந்து பார்த்தால், நல்ல பரிமாறுகிறவர் ஒருவர் சொல்லாமலே அனுசரித்துவரும் ஒழுங்குகளாகவே அவை முடிகின்றன என்பது என் அபிப்பிராயம்.

சுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். சாம்பார் வாளியோடு வருகிறவர் கரண்டியை இலைக்கு மேலே நிறுத்தித்தான் ஊற்றுவார். இலையிலோ சாப்பிடுகிறவர் கையிலோ கரண்டி பட்டுவிட்டால் அந்த வாளி முழுவதும் எச்சில் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். இதைப் பழங்காலத்து மடி ஆசாரம் என்று கேலி செய்தவர்கள், கப்பலில் சாப்பிட்டு முடித்த தட்டை மறுபடியும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது, ஒவ்வொரு தடவையும் புதுத் தட்டு எடுக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைக் காணும்போது வியப்படையக்கூடும். காரணம் இரண்டிலும் ஒன்றே. வாய்பட்ட தட்டில் பொதுக் கரண்டி உரசினால், ஒருவருடைய நோய் அடுத்து நிற்கும் நூறு பேருக்குப் போகிறது. நோரோவைரஸ் என்னும் கிருமி, வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கப்பல்களில் அடிக்கடி தலைகாட்டுவது. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் கப்பல்களின் சுகாதாரத்தைக் கண்காணிப்பதற்கென்றே 1970-களிலிருந்து ஒரு திட்டம் நடத்தி வருகிறது. அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட கப்பலில், பிரயாணிகளிலோ சிப்பந்திகளிலோ நூற்றுக்கு மூன்று பேருக்கு இந்த உபாதை கண்டால், கப்பலின் பெயரையே பகிரங்கமாக வெளியிட்டுவிடுகிறார்கள். கூடத்தின் வாசலில் கையில் தெளிக்கும் மருந்துத் திரவத்தோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. நோரோவைரஸை அது சரியாக அடக்குவதில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவிய கையே உத்தமம்.

பதார்த்தங்களுக்கு மேலே சாய்வாக ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கும். சாப்பாட்டின்மேல் தும்மலும் இருமலும் விழாதிருப்பதற்காக ஜானி கார்னோ என்ற அமெரிக்க உணவுவிடுதிக்காரர் 1959-இல் காப்புரிமை பெற்ற உபாயம் அது. கறி எப்படி இருக்கிறதென்று பார்க்க அதற்குள் தலையை நுழைப்பவர், அவருடைய சிரமத்தையெல்லாம் வீணாக்குகிறார். அசைவத்துக்குரிய இடுக்கியைச் சைவப் பாத்திரத்தில் போட்டுவிடுவது இன்னொரு பிசகு. சைவமே உண்பவர் ஒருவருக்கு அன்றைய ஆகாரத்தையே அது இல்லாமற் செய்துவிடும். இவை தவிர, சூடாக உண்ண வேண்டியவற்றை 60 டிகிரிக்கு மேலும், குளிர்ச்சியாக உண்ண வேண்டியவற்றை 5 டிகிரிக்குக் கீழும் வைக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே பாத்திரத்தின் மூடியைத் திறந்தால் மறுபடி மூடிவிட்டுப் போவது பின்னால் வருகிறவருக்குச் செய்யும் உபகாரம்.

இனி வரிசை. பழைய பாணி பஃபேயில் ஒரே நீள மேஜை, ஒரே வரிசை. நடுவில் நுழைவது குற்றம். “அண்ணே, அப்பளம் மட்டும் எடுத்துக்கறேன்” என்று கையை நீட்டுகிறவர் தம்மைக் குற்றவாளியென்று நினைப்பதில்லையாயினும், முன்னால் நிற்பவரின் மேல் ரசம் சிந்துவதற்கு அவரே காரணமாகிறார். புதிய கப்பல்கள் பலவற்றில் அந்த நீள மேஜையைத் துண்டு துண்டாக்கி, கூடத்தில் அங்கங்கே தனி மேடைகளாக அமைத்துவிட்டார்கள். எந்த வரிசையும் அதிலுள்ள மிக மெதுவான இடத்தின் வேகத்தில்தான் நகரும். தோசை வார்த்துத் தரும் இடத்தில் பத்துப் பேர் காத்திருந்தால், பழம் மட்டும் வேண்டியவரும் அவர்களுக்குப் பின்னால் நிற்க நேர்கிற அநியாயம் மேடைகளைப் பிரித்ததும் ஒழிந்தது. எனவே அத்தகைய கூடத்தில் காலியாக இருக்கும் மேடைக்கு நேரே போவது வரிசை மீறல் ஆகாது. அங்கே பரிதாபத்துக்குரியவர், எல்லா மேடைக்கும் ஒரே வரிசை என்று எண்ணிக்கொண்டு, நின்று பேசிக்கொண்டிருக்கும் யாரோ இரண்டு பேருக்குப் பின்னால் நிற்கிறவர். ஆகையால் தட்டு எடுப்பதற்கு முன் வெறுங்கையோடு கூடத்தை ஒருமுறை சுற்றி வருவது நல்லது. எது எங்கே இருக்கிறது, எங்கே வரிசை உண்டு, எங்கே இல்லை என்பதெல்லாம் அந்த ஒரு சுற்றிலே விளங்கிவிடும். எல்லாவற்றையும் எடுத்து நிரப்பிய பிறகு, கடைசி மேடையில் நமக்குப் பிடித்த மீன் வறுவலைக் கண்டு ஏங்குகிற துன்பமும் நேராது.

வரிசையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் நிற்பதைச் சிலர் அகௌரவமாகக் கருதுகிறார்கள். தமக்காக ஒருவரை நிற்கவைத்துவிட்டு, முறை வரும்போது குடும்பத்தோடு வந்து சேர்ந்துகொள்கிறார்கள். நம் நாட்டில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யாருக்கு முன்னால் யாருக்கு இலை போடலாம் என்பதெல்லாம் பிறப்பினால் தீர்மானிக்கப்பட்டிருந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விஷயம் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியலையே கலக்கி, பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து நிற்கும்படி செய்தது. ஆகஸ்டு 15 அன்று கோயில்களில் சமபந்தி போஜனம் நடத்துவதை அரசாங்கமே இன்றும் ஒரு சடங்காக மேற்கொண்டிருப்பதன் பின்னணியில் இப்படிப்பட்ட சரித்திரம் இருக்கிறது. வரிசை இந்த வேற்றுமைகளில் எதையும் விசாரிப்பதில்லை. முன்னால் வந்தவர் முன்னால் நிற்கிறார். ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருவுடையாருக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்துச் சாத்தும் அன்னாபிஷேகத்துக்குப் போனவர்களும், திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதியில் காத்து நின்றவர்களும் இதை அறிவார்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவுக்கூடம் அமைக்க வேண்டும் என்ற 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவினால் ஏற்பட்ட கேன்டீன்களில், தட்டைக் கையில் பிடித்து முறைக்காக நிற்கப் பழகிய அரியலூர்ச் சிமெண்டுத் தொழிலாளிக்குக் கப்பல் வரிசை ஒரு பொருட்டே அல்ல. அவரைவிடப் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் அது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

நாற்காலி பிடித்து வைப்பதும் இதே வகுப்பைச் சேர்ந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்கள், அங்குள்ள உணவங்காடிகளில் மேஜைமேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை வைத்து இடம் பிடிக்கும் வழக்கத்தைக் கண்டிருப்பார்கள். அந்த ஊரார் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். கப்பலில் அது செல்லாது. ஒரே குடும்பத்தார் எட்டு நாற்காலிகளில் துண்டும் தொப்பியும் போட்டுவிட்டு எட்டுப் பேரும் மேடைகளுக்குப் போய்விட்டால், சூடான தட்டோடு வருகிறவர் எங்கே உட்காருவார்? குடும்பத்தில் ஒருவரை மேஜையில் உட்காரவைத்து மற்றவர்கள் போய் வருவது நியாயம். சாப்பிட்டான பிறகு அதே மேஜையில் சீட்டாடாமல் எழுந்துகொள்வது அதைவிட நியாயம்.

அளவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொடுத்த பணத்துக்கு ஈடாகச் சாப்பிட்டாக வேண்டும் என்ற சங்கற்பத்தோடு வருகிறவரை யாராலும் திருத்த இயலாது. மற்றவர்கள் அறிந்துகொள்ளத் தக்க செய்தி ஒன்று உண்டு. தட்டில் எஞ்சியது கப்பலில் என்னாகிறது? கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் ‘மார்ப்போல்’ என்னும் சர்வதேச உடன்படிக்கையின்படி, உணவுக் கழிவை 25 மில்லிமீட்டர் துவாரத்தில் புகும்படி அரைத்துக் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பாலும், அரைக்காவிட்டால் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பாலும்தான் கடலில் விடலாம். சில விசேஷக் கடற்பகுதிகளில் விதி இன்னும் கடுமை. ஆசைப்பட்டு எடுத்து மீதம் வைத்த ஜாங்கிரியை அரைப்பதற்கென்று ஓர் இயந்திரமும் அதன் பக்கத்தில் ஒரு மனிதரும் கப்பலின் அடித்தளத்தில் உழைக்கிறார்கள். முதல் தடவை ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மட்டும் எடுத்து, பிடித்ததற்கு மறுபடி போவதே சரி. மறுபடி போவதைப் பார்த்துச் சிரிக்கிறவர் அங்கே யாரும் இல்லை. கூடத்திலிருந்து பழமோ பலகாரமோ பையில் போட்டுக்கொண்டு அயல்நாட்டுக் கரையில் இறங்குவது மட்டும் வேண்டாம். பல தேசங்களில் அது சட்டப்படி தண்டனைக்குரியது.

கப்பலேறாதவர்களுக்கும் இந்த விஷயம் அந்நியமானதல்ல. பெரம்பலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் கல்யாண மண்டபங்களின் வரவேற்பு இரவுகளில் பஃபே வந்துவிட்டது. பரிமாற ஆள் கிடைப்பதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வந்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எடுக்கும்படி செய்யாமல், நடுவில் இழுத்துப் போட்டு இரு பக்கமும் வழி விடுங்கள்; கைகழுவும் இடத்தில் சோப்பு வையுங்கள்; கூடத்தின் ஒரு மூலையில் இருபது நாற்காலியும் நாலு மேஜையுமாவது போட்டு, முழங்கால் வலியோடு வந்திருக்கும் பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் இலை போட்டுப் பரிமாற வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு பேரை நிறுத்துங்கள்.