மல்லாட்டைக் கொல்லையும் சத்தமில்லாத தோட்டாவும்

மல்லாட்டை (நிலக்கடலை) காய் பிடிக்கும் பருவத்தில் செஞ்சி வட்டாரத்து விவசாயிக்குத் தூக்கம் கிடையாது. பாறைக் குன்றுகளிலும் காப்புக்காடுகளிலும் பகலெல்லாம் அடங்கிக் கிடக்கும் காட்டுப்பன்றிகள் பொழுது சாய்ந்ததும் கொல்லைக்கு இறங்கிவிடும். மூன்று மாத உழைப்பை ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடும். சுற்றிலும் பழைய புடவை கட்டிப் பார்க்கிறார்கள். தகரம் தட்டுகிறார்கள். பரணில் படுத்துக் காவல் காக்கிறார்கள். பன்றி சில நாளில் எல்லாவற்றுக்கும் பழகிவிடுகிறது.

இந்த அலுப்பில் இருப்பவர் கண்ணில் வெளிநாட்டுக் காணொளி ஒன்று படுகிறது. இங்கிலாந்தில் ஒரு பண்ணைக்காரர் சின்ன .22 ரைபிளில், ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவைப் போட்டு, அக்கம்பக்கம் அறியாமல் முயல் சுடுகிறார். நமக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் என்ன என்ற ஆசை எழுகிறது. பயிரை இழந்தவரின் ஆசை அது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது உயிரையும் குடும்பத்தையும் கெடுத்துவிடும் என்பதை உடைத்துச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்தத் தோட்டாவைப் பார்ப்போம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். அதைவிட வேகமாகப் பாயும் குண்டு காற்றைக் கிழித்து ஒரு வெடிச்சத்தம் எழுப்பும். குண்டின் வேகத்தை 320 மீட்டர் அளவுக்குக் குறைத்தால் அந்த ஒரு சத்தம் மட்டும் இல்லாமல் போகும். குழல்வாயில் மருந்து வெடிக்கும் சத்தம் அப்படியே இருக்கும்; அதை அடக்கத் தனிக் குழாய் ஒன்று வேண்டும். வேகத்தோடு சேர்ந்து அடியின் பலமும் குறையும். அந்த .22 தோட்டாவின் ஆற்றல் ஏறக்குறைய 130 ஜூல்தான். முயலுக்கு அது போதும். தடித்த தோலும் கொழுப்பும் கொண்ட வளர்ந்த பன்றிக்குப் போதாது. அடிபட்ட பன்றி புதருக்குள் போய்ப் படுக்கும். விடிந்ததும் களை எடுக்க வரும் பெண்கள்தான் அதன் எதிரில் போய் நிற்பார்கள்.

இன்னொரு ஆபத்து செஞ்சிக்கே உரியது. மெதுவாகப் போகும் கனத்த ஈயக் குண்டு கல்லில் பட்டால் நொறுங்காது, திசை மாறித் தெறிக்கும். இந்த ஊரிலோ எங்கு திரும்பினாலும் பாறை. .22 தோட்டா ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அதன் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிடுவது வழக்கம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் சுற்றி ஊர்களும் சாலைகளும் இருக்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டைக்கு வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். இருட்டில் சுடுபவருக்குப் பன்றிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? சத்தம் கேட்டாலாவது பக்கத்துக் கொல்லைக்காரர் குனிந்துகொள்வார்.

இனி சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்பை மறந்துவிடவில்லை. அதன் 13ஆம் பிரிவு அதற்காகக் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் குறிப்பிடுகிறது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். பயிர்க் காவலுக்கான அந்த ஏற்பாட்டில் ரைபிளுக்கு இடமில்லை. சத்தத்தை அடக்கும் குழாயைத் தனியாக வைத்திருந்தாலே அது துப்பாக்கி வைத்திருப்பதற்குச் சமம் என்கிறது சட்டத்தின் விளக்கப் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. நாட்டுத் துப்பாக்கி செய்தாலோ விற்றாலோ குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் தண்டனை வரை போகும். பட்டறையில் துப்பாக்கிக் குழல் செய்து கொடுப்பவருக்கும் இது பொருந்தும்.

உரிமம் இருந்தாலும் விலங்கைச் சுட உரிமை வந்துவிடாது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனி. காட்டுப்பன்றி, முயல், மயில், உடும்பு எல்லாமே அதன் பாதுகாப்பில் உள்ளவை. மயிலையோ உடும்பையோ கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். உரிமம் தேவைப்படாத சிறு ஏர்கன்னால் முயலைச் சுட்டாலும் அது வேட்டைதான். நிற்கும் பயிருக்குக் கேடு செய்யும் விலங்கை வேட்டையாட 11ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். வாய்மொழியாக யார் சொன்னாலும் அது செல்லாது.

அப்படியானால் விவசாயிக்கு வழியே இல்லையா? இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிக்காகத் தனி ஏற்பாடு ஒன்றை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத் துறையினரே சுடலாம். பொதுமக்கள் சுட எங்குமே அனுமதி இல்லை. ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத் துறை ஊழியர் அடங்கிய ஊர்க்குழு வழியாகக் கோரிக்கை போக வேண்டும். ஆகவே உங்கள் கொல்லை காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒருவராகப் போவதைவிட, சேதப்பட்ட பத்துப் பேர் ஒரே மனுவில் கையெழுத்திட்டுப் போனால் கவனம் கிடைக்கும்.

பயிர்ச் சேதத்துக்கு வனத் துறை இழப்பீடு தருகிறது. கிளறிய இடத்தைச் சரி செய்வதற்கு முன் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பன்றியின் கால்தடமும் படத்தில் இருக்கட்டும். சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரகரிடம் மனு கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலரையும் வேளாண் அலுவலரையும் வயலுக்கு வரவழையுங்கள். மனு பெற்றதற்கு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம். ரசீது இல்லாத மனுவைப் பற்றிப் பிறகு யாரிடமும் கேட்க முடியாது. பதில் வராவிட்டால் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்து விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்த ரசீதைக் காட்டிக் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்திலும் எழுதுங்கள். பயிர்க் காப்பீட்டிலும் ஒரு மாற்றம் வருகிறது. 2026 காரீஃப் பருவத்திலிருந்து வனவிலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. சேதத்தை 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு பதிவு செய்ய வேண்டும்.

துப்பாக்கி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, வேலிக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுகிறவர்களும் உண்டு. அதுவும் சத்தமில்லாமல் கொல்லும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் இறந்தன. 2022இல் பாலக்காட்டில் பன்றிக்கு வைத்த மின்பொறியில் இரண்டு காவலர்கள் இறந்தார்கள். பன்றிக்கு வைக்கும் வெடியான அவுட்டுக்காயைக் கடித்த மாடுகளையும், கை இழந்த மனிதர்களையும் தமிழ்நாடு நிறையப் பார்த்துவிட்டது. சூரிய மின்வேலி போடுபவர்கள் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பன்றி இருக்கட்டும், எலித் தொல்லைக்கோ தோட்டாவின் பேச்சே வேண்டாம். தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறி, ஆந்தை வந்து உட்கார வயலில் நடும் குச்சிகள், வளை தோண்டிப் பிடிக்கும் இருளர்களின் கைத்திறன் ஆகியவை இன்றைக்கும் பலன் தருபவை. அந்த வேலைக்கு உரிய கூலியைக் கொடுப்பது நம் கடமை.

வீட்டுப் பரணில் பழைய நாட்டுத் துப்பாக்கியை மறைத்து வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அதை இன்னொருவருக்கு விற்காதீர்கள், கிணற்றில் போடாதீர்கள். 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். வழக்கறிஞர் ஒருவரிடம் ஆலோசித்து, அவர் துணையோடு காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.